வீட்டிலேயே குதிரைக்குத் தடைப்பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயர் வைக்கலாமா, தார்ப்பாய் போடலாமா, கழிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்று குதிரை வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே விதிதான் இருக்கிறது: குதிரை தப்பாகக் கால் வைத்தால் தடைதான் சரிய வேண்டும், குதிரை சரியக் கூடாது. இனி வரும் பதில்களில் இதை 'சரியும் விதி' என்றே குறிப்பிடுகிறேன்.

தடைப்பாதை என்றால் குதிரையைத் தாண்ட வைப்பதுதானே?

தாண்டுவது அதில் ஒரு சின்னப் பங்கு. அது இல்லாமலேயே அருமையான பாதை அமைக்கலாம். தரையில் கிடக்கும் கழிகளைத் தட்டாமல் கடப்பது, பலகைப் பாலத்தின் மேல் நடப்பது, தார்ப்பாயை மிதிப்பது, குறுகலான சந்தில் பின்னோக்கி வருவது, தொங்கும் நாடாக்களுக்குள் புகுந்து போவது, கூம்புகளைச் சுற்றி வளைந்து போவது, சொன்ன இடத்தில் அசையாமல் நிற்பது எல்லாமே தடைகள்தான்.

போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் நாடுகளில் குதிரையேறி மாடு மேய்ப்பவர்களின் அன்றாட வேலையிலிருந்து 'வொர்க்கிங் ஈக்விடேஷன்' என்ற போட்டி உருவானது. சேணத்தில் இருந்தபடியே கதவைத் திறந்து மூடுவதும், சந்துக்குள் போய் மணி அடித்துவிட்டு அப்படியே பின்னோக்கி வெளியே வருவதும் அதில் உண்டு. வீட்டில் அமைப்பதற்கு யோசனை வேண்டுமென்றால் அந்தப் போட்டியின் தடைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நிஜமான வேலை இருப்பதால் குதிரைக்கும் அது அர்த்தமுள்ளதாக இருக்கிறது.

என்னிடம் சின்ன இடம்தான் இருக்கிறது. போதுமா?

20 மீட்டருக்கு 40 மீட்டர் கிடைத்தால் தாராளம். அதில் பாதி இருந்தாலும் குதிரையைக் கையில் பிடித்து நடத்திப் பழக்கலாம். இடம் குறைந்தால் தடைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், இடைவெளியைக் குறைக்காதீர்கள். ஒரு தடையை முடித்த குதிரை நிமிர்ந்து நேராகி அடுத்ததைப் பார்ப்பதற்கு 6 முதல் 10 மீட்டராவது வேண்டும். வேலியை ஒட்டியும் தடை வைக்காதீர்கள். ஒருபக்கம் வேலி, மறுபக்கம் நீங்கள், நடுவில் பயந்த குதிரை என்ற நிலை வரவே கூடாது.

தரையை ஏதாவது செய்ய வேண்டுமா, இருக்கிறபடியே விடலாமா?

தடைகளுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் தரையைப் பாருங்கள். வழுக்கக் கூடாது, கல் கிடக்கக் கூடாது, குழி இருக்கக் கூடாது. மணல் போட்டால் குதிரைக்கு நல்லது என்று நினைத்து ஆழமாகக் கொட்டிவிடுகிறார்கள். குளம்பு புதையும் அளவுக்கு மணல் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் காலை இழுத்து எடுக்க வேண்டியிருக்கும். கால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண்களுக்கு அது பெரிய பாரம். கெட்டியான அடித்தளத்தின் மேல் 5 முதல் 8 செ.மீ. மணல் போதும். நல்ல புல்தரையும் சரிதான், ஆனால் பனியோ மழையோ பட்டு ஈரமாக இருக்கும் நேரத்தில் வேண்டாம்.

அதிகச் செலவில்லாமல் முதலில் எதை வைத்து ஆரம்பிக்கலாம்?

ஆறு கழிகள், நான்கு கூம்புகள், ஒரு தார்ப்பாய். பல மாதங்களுக்கு இதுவே போதும். கழிகளை வரிசையாகப் போட்டால் காலடிப் பயிற்சி, இணையாகப் போட்டால் சந்து, சதுரமாகப் போட்டால் உள்ளே நின்று திரும்பும் பெட்டி, ட வடிவில் போட்டால் பின்னோக்கி வரும் பாதை. மரக்கழி 3 மீட்டர் நீளம், 10 செ.மீ. குறுக்களவு இருக்கட்டும். ஒன்று சுமார் 12 கிலோ வரும். அந்தக் கனம் இருந்தால்தான் குதிரை அதை மதித்துக் காலைத் தூக்கும். உருண்டைக் கழியைவிட எண்பட்டையாகச் சீவிய கழி நல்லது, காரணம் அது உருளாது. உருண்டைதான் கிடைக்கிறது என்றால் இருபுறமும் மணலை அணைத்து வையுங்கள். உருளும் கழியின் மேல் குளம்பை வைக்கும் குதிரை கணுக்காலைப் பிசகிக்கொள்ளும்.

கழிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? ஒருவர் 90 செ.மீ. என்கிறார், இன்னொருவர் 130 என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் சரியாக இருக்கலாம். முதலில் எந்த நடைக்கு என்று கேட்க வேண்டும். சாதாரண நடையை வாக் என்றும், இரண்டு தாளத்தில் குதித்தோடுவதை டிராட் என்றும், மெதுவான பாய்ச்சலை கேன்டர் என்றும் சொல்கிறோம். ஆங்கில பாணிச் சவாரியில் நடுத்தர உயரக் குதிரைக்கு வாக் என்றால் 80 முதல் 90 செ.மீ., டிராட் என்றால் 1.2 முதல் 1.4 மீட்டர், கேன்டர் என்றால் 2.7 முதல் 3 மீட்டர். அமெரிக்க வெஸ்டர்ன் பாணியில் குதிரை அடியைச் சுருக்கி நிதானமாகப் போகும். அங்கே வாக் 50 முதல் 60 செ.மீ., டிராட் 90 முதல் 107 செ.மீ., கேன்டர் 1.8 முதல் 2.1 மீட்டர் என்று வைக்கிறார்கள். ஆகவே 90 என்பது ஒருவருக்கு வாக், இன்னொருவருக்கு டிராட். குழப்பம் அங்கேதான் வருகிறது.

மட்டக்குதிரைக்கு இவை எல்லாமே குறையும். எந்தப் பட்டியலையும்விட உங்கள் குதிரையின் தடம் சொல்வதை நம்புங்கள். மணலைச் சமன்செய்துவிட்டு அதன் மேல் வழக்கமான வேகத்தில் போகவிடுங்கள். ஒரே முன்னங்காலின் ஒரு தடத்திலிருந்து அதே காலின் அடுத்த தடம் வரை அளந்துகொள்ளுங்கள். வாக், டிராட் என்றால் அந்த அளவில் பாதி. கேன்டர் என்றால் முழு அளவு. இதுவே உங்கள் தொடக்க இடைவெளி. குதிரை கழியைத் தட்டினால் குதிரையைத் திட்டாமல் கழியை 5 செ.மீ. நகர்த்திப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிராட்டுக்கு இரண்டு கழிகளை மட்டும் போட்டால் சில குதிரைகள் இரண்டையும் சேர்த்து ஒரே தாவாகத் தாவிவிடும். ஒன்று, அல்லது மூன்றும் அதற்கு மேலும் போடுங்கள்.

மரத்துக்குப் பதிலாக பிவிசி குழாய் போடக் கூடாதா? தூக்க லேசாக இருக்கிறதே.

லேசாக இருப்பதுதான் சிக்கல். தட்டினால் உருண்டு காலுக்கு நடுவில் வந்துவிடும். வெயிலில் நாள்பட்ட பிவிசி மொறமொறப்பாகிவிடும். அதன் மேல் குளம்பு விழுந்தால் கத்தி போன்ற சில்லுகளாக உடையும். கூம்புகளுக்கு நடுவில் எல்லை காட்டவோ தொங்கும் திரைக்கு மேல்சட்டமாகவோ பயன்படுத்துங்கள். குதிரை மிதிக்கக்கூடிய இடத்தில் வேண்டாம்.

கழிகளைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் சிமென்ட் கல் வைத்தால் ஆயிற்றே?

ஆகாது. கூர்மையான விளிம்பு, அசையாத கனம். சரியும் விதிக்கு நேர் எதிரான பொருள் அது. குதிரை இடறி அதன் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

இதற்காகவே இருப்பது கேவலெட்டி. கழியின் இரு முனையிலும் பெருக்கல் குறி போல மரச்சட்டம் அடித்த அமைப்பு. சட்டத்தைப் புரட்டி வைப்பதைப் பொறுத்து ஒரே கேவலெட்டியில் இரண்டு மூன்று உயரங்கள் கிடைக்கும். வாக், டிராட் இரண்டுக்கும் 15 முதல் 20 செ.மீ. உயரம் போதும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி உயரமாக்காதீர்கள். அடுக்கியது சரியும்போது சட்டங்களுக்கு இடையே கால் மாட்டிக்கொள்ளும்.

பழைய டயர் நிறையக் கிடக்கிறது. வரிசையாகப் போட்டு அதற்குள் கால் வைத்து நடக்கவிடலாமா?

வெறும் டயரை அப்படிப் போடாதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் குதிரையின் பின்காலில் ஒரு டயர் மாட்டிக்கொண்டது. அது உதறிக்கொண்டு ஓடியதில் டயரும் கூடவே ஓடியது. காயம் சின்னதுதான். ஆனால் தரையில் கிடக்கும் எந்தக் கறுப்புப் பொருளையும் அது மறுபடி நம்புவதற்கு நான்கு மாதங்கள் ஆயின.

டயரின் உள்வளையத்தில் கால் இறங்கி ரப்பர் விளிம்பு கணுக்காலைக் கவ்விக்கொள்வதுதான் ஆபத்து. தேய்ந்த டயரில் இரும்புக் கம்பி இழைகளும் நீட்டிக்கொண்டிருக்கும். டயரைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் பெரிய டயராக எடுத்து, கம்பி எங்கும் தெரியவில்லை என்று கையால் தடவிப் பார்த்து, தரையில் பாதி புதைத்து, உள்ளே மண்ணை விளிம்பு வரை இடித்து நிரப்புங்கள். அப்போது அது ஏறி நிற்கும் மேடை. முன்னங்கால் இரண்டையும் வைத்து நிற்கப் பழக்க நன்றாக இருக்கும்.

பேலட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் பாலம் ஆகிவிடாதா?

ஆகாது. சரக்கு அடுக்கும் பேலட்டின் பலகைகள் மெல்லியவை, நடுவே குளம்பு நுழையும் சந்து இருக்கும், ஆணியும் துருத்தும். 500 கிலோ எடையுள்ள குதிரை சேணமும் ஆளும் சேர்ந்து 600 கிலோ வரும். நடக்கும்போது அந்த எடை ஒரே சீராக விழாது, ஓரிரண்டு குளம்புகளின் அடியில் குவியும். பாலம் நொறுங்கிக் கால் உள்ளே போனால் எலும்பு தப்புவது கடினம்.

சரியான பாலம் செய்வதும் பெரிய வித்தை இல்லை. நீளம் 2.4 மீட்டர், அகலம் குறைந்தது 1.2 மீட்டர், உயரம் 15 செ.மீ. போதும். 5 செ.மீ. கனமுள்ள பலகைகளைக் குறுக்குவாட்டில் நெருக்கமாக அடுக்குங்கள். அடியில் நீளவாட்டில் தாங்குகட்டைகளை 30 முதல் 40 செ.மீ.க்கு ஒன்றாக வையுங்கள். ஆணி மேலே எழும்பும், அதனால் திருகாணி போட்டுத் தலையை மரத்துக்குள் அமிழ்த்திவிடுங்கள். மேலே ரப்பர் விரிப்பை இறுக்கமாகப் பொருத்தினால் ஈரத்திலும் வழுக்காது. குதிரையை ஏற்றும் முன் நான்கைந்து பேர் ஒரே இடத்தில் நெருங்கி நின்று குதித்துப் பாருங்கள். பலகை வளைந்தால் தாங்குகட்டை போதவில்லை.

பாலத்தின் சத்தம்தான் பல குதிரைகளைத் திடுக்கிட வைக்கும். முதல் சில நாட்கள் அடியில் மண்ணை அடைத்து வைத்தால் ஓசை அடங்கும். பழகப் பழக மண்ணை எடுத்துவிடலாம். கைப்பிடிக் கம்பி கட்டாதீர்கள். பக்கவாட்டில் இறங்கிவிடும் குதிரைக்கு ஒன்றும் ஆகாது, கம்பியில் மாட்டும் குதிரைக்கு ஆகும்.

தார்ப்பாயை எப்படிப் போடுவது? காற்றில் படபடக்கிறதே.

முதல் நாள் அதை விரிக்கவே வேண்டாம். நீளமாக மடித்து ஒரு முழ அகலப் பட்டையாக்கி, கழி மாதிரி கடந்துபோகவிடுங்கள். அதைப் பொருட்படுத்தாமல் கடந்த பிறகு ஒரு மடிப்பை விரியுங்கள். விரித்த தார்ப்பாயின் நான்கு ஓரத்தையும் மணலால் மூடுங்கள், இல்லையென்றால் மேலே கனமான கழியை வையுங்கள். கூடார முளை அடிப்பவர்கள் உண்டு. முளையின் தலை லாடத்தில் மாட்டும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. கிழிசல் விழுந்த தார்ப்பாயை எறிந்துவிடுங்கள். ஓட்டையில் குளம்பு நுழைந்தால் முழுப் பாயும் குதிரையோடு எழுந்து வரும்.

தொங்கும் திரைக்கு வாசல் எவ்வளவு உயரம்?

ஆள் ஏறிப் போவதானால் 3 மீட்டர், அகலம் 2 மீட்டராவது. நாடாக்களைத் தனித்தனியாக, இழுத்தால் கழன்று வரும்படி கட்டுங்கள். ஆரம்பத்தில் நாடாக்களை இரு பக்கமும் ஒதுக்கி நடுவில் வழி விட்டு, நாளுக்கு ஒரு நாடாவாக உள்ளே தள்ளுங்கள். கயிற்றுக் கதவு வைப்பவர்களும் இதையே பின்பற்றலாம்: கயிற்றின் ஒரு முனை இழுத்தவுடன் விடுபட வேண்டும், ஆளும் அதைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

எந்தப் பொருளைக் கொண்டுவரவே கூடாது?

டயர், பேலட், சிமென்ட் கல் பற்றி மேலே சொல்லிவிட்டேன். மற்றவை: ரயில் தண்டவாளத்துக்குப் பயன்பட்ட பழைய மரக்கட்டைகள். அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் நஞ்சு, குதிரைகளோ மரத்தைக் கடிக்கும். மருந்தோ ரசாயனமோ இருந்த டிரம், விளிம்பு கூரான இரும்பு டிரம். முள்கம்பி, நைலான் வலை, மெல்லிய கம்பி. டிரம் வேண்டுமென்றால் உணவுப்பொருள் இருந்த பிளாஸ்டிக் டிரம் நல்லது. படுக்க வைத்தால் இருபுறமும் முட்டுக்கொடுங்கள்.

பாதையை அழகாக்க இலைதழை கட்டுபவர்கள் கவனியுங்கள். அரளியைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். கொஞ்சம் அரளி இலை போதும், குதிரையின் உயிர் போய்விடும். காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது.

என்ன நிறம் அடித்தால் குதிரைக்கு நன்றாகத் தெரியும்?

வெள்ளை, நீலம், பளிச்சென்ற மஞ்சள். குதிரையின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். புல்தரையில் ஆரஞ்சுக் கழி நமக்குக் கண்ணைப் பறிக்கும், குதிரைக்கோ புல்லோடு கலந்து மங்கிவிடும். பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயங்களில் வெகுகாலம் ஆரஞ்சு நிறம்தான் அடையாளமாக இருந்தது. குதிரையின் பார்வையை வைத்து ஆராய்ந்து பார்த்த பிறகு 2022இல் அதை வெள்ளைக்கு மாற்றத் தொடங்கினார்கள்.

நிறத்தைவிட வெளிச்சமும் நிழலும் முக்கியம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கும் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கும் குதிரையின் கண் நம்மைவிட மெதுவாகவே பழகும். மரநிழலின் எல்லையில் தடை வைத்தால் அது முன்னே இருப்பதைச் சரியாகப் பார்க்காமலே கால் வைக்க நேரும்.

எத்தனை தடைகள், எந்த வரிசையில்?

ஐந்திலிருந்து எட்டு. முதலாவதும் கடைசியும் குதிரை கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவையாக இருக்கட்டும். கடினமானது ஒன்று வந்தால் அடுத்தது சுலபமானதாக இருக்க வேண்டும். இடப்பக்கத் திருப்பமும் வலப்பக்கத் திருப்பமும் சமமாக வர வேண்டும். அசையாமல் நிற்கும் இடம் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள், அதுதான் பலருக்கும் கடினம்.

ஏறி ஓட்டிக்கொண்டே பழக்கலாமா, கையில் பிடித்தா?

ஒவ்வொரு புதுத் தடையும் முதலில் கையில் பிடித்துத்தான். பிடிகயிறு 3 முதல் 3.5 மீட்டர் நீளம் இருந்தால் குதிரை துள்ளும்போது நீங்கள் விலக இடம் கிடைக்கும். கையுறை, கனமான காலணி, ஹெல்மெட் மூன்றும் தரையில் நிற்கும்போதும் வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், மடித்துப் பிடியுங்கள்.

குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் நடங்கள். நேர் முன்னால் நின்று இழுப்பவர்கள்தான் அடிபடுகிறார்கள். பயந்த குதிரை தடையைத் தாவும்போது நீங்கள் நிற்கும் இடத்தில்தான் வந்து இறங்கும். குறுகிய தடைகளில் அதற்கு உங்களைவிட அதிக இடம் விடுங்கள்.

என் குதிரை தடைக்குப் பக்கத்திலேயே வரமாட்டேன் என்கிறது. அடித்தால்தான் நகரும் போல.

அடிக்காதீர்கள். அடித்து நகர்த்தினால் 'இந்தப் பொருள் பக்கத்தில் போனால் வலிக்கும்' என்று அது கற்றுக்கொள்ளும், அதன் பயம் உறுதியாகிவிடும். குதிரைக்குத் தலையைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழும் தெரியாத இடம் உண்டு. தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்ப்பது அதற்குப் படிப்பது மாதிரி. கயிற்றைத் தளர்த்தி அதைப் பார்க்கவிடுங்கள்.

எந்தத் தூரத்தில் அது நின்று காதை விறைக்கிறதோ அங்கேயே நில்லுங்கள். காது தளர்ந்து, தலை இறங்கி, மூச்சு சீராகும் வரை காத்திருங்கள். அப்புறம் அதுவாகவே ஒரு அடி முன்னே வைத்தால் உடனே கயிற்றின் அழுத்தத்தை விட்டுவிட்டு, ஒரு வட்டம் அடித்துத் தள்ளிப்போய்த் திரும்பி வாருங்கள். ஒரு நாளில் மூன்று அடி முன்னேறினால் அது நல்ல நாள். பழகிய குதிரை ஒன்று முன்னால் போக, பின்னால் போகவிடுவதும் அருமையாக வேலை செய்யும். கண்ணின் வெண்பகுதி தெரிய, வாலை ஒட்டிக்கொண்டு, உடம்பு விறைத்து நின்றால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் கிட்டே கொண்டுபோய்விட்டீர்கள்.

மறுக்கவில்லை, ஆனால் பாலத்தையும் கழியையும் தாவி ஓடிக் கடக்கிறது. இது தைரியம்தானே?

பயந்த குதிரையும் இப்படித்தான் ஓடும், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று. தடையை வேகமாகக் கடப்பதைப் பாராட்டாமல் தடைக்குள் நிற்பதைப் பாராட்டுங்கள். பாலமானால் முன்னங்கால் இரண்டும் ஏறியதும் நிறுத்தி, கழுத்தைத் தடவி, பின்னோக்கி இறக்குங்கள். அடுத்து நான்கு காலும் மேலே வந்ததும் நிறுத்துங்கள். கழியானால் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்து வாக்கில் மட்டும் கடக்கவிடுங்கள். ஓட்டம் தொடர்ந்தால் இடைவெளியைச் சந்தேகியுங்கள். கழிகள் நெருங்கிக் கிடந்தால் குதிரை தடுமாறும், தடுமாறினால் ஓடும். தடத்தை அளக்கும் முறையை மேலே சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பக்கமிருந்து நன்றாகப் போகிறது. எதிர்ப்பக்கமிருந்து வந்தால் புதிதாகப் பார்ப்பது மாதிரி மிரள்கிறது. வேண்டுமென்றே செய்கிறதா?

இல்லை, அதற்கு உண்மையிலேயே அது புதுப்பொருள். 2021இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சறுக்குமரமும் ஊஞ்சலும் சேர்ந்த குழந்தைகள் விளையாட்டுச் சாதனம் ஒன்றைக் குதிரைகளுக்கு நன்றாகப் பழக்கிவிட்டு, அதே பொருளை 90 பாகை திருப்பி வைத்தார்கள். பழகியிருந்த குதிரைகளும் அதைப் புதிதாகக் காண்பது போலவே நடந்துகொண்டன. ஆகவே ஒவ்வொரு தடையையும் இரண்டு திசையிலிருந்தும், கையில் பிடித்து, முதலிலிருந்து பழக்குங்கள். தடையை நகர்த்தி வைத்த நாளிலும் அப்படியே.

பின்னோக்கி வரும் ட வடிவச் சந்தில் எப்போதும் கழியை மிதித்துவிடுகிறது.

அகலத்தைக் கூட்டுங்கள். போட்டிகளில் 70 செ.மீ. வரைகூடக் குறுக்குவார்கள், பழகுவதற்கு 1.2 மீட்டரில் தொடங்குங்கள். முதலில் நேரான சந்தில் பின்னோக்கி வரப் பழகட்டும். மூலையில் ஒரு அடி, நிறுத்தம், அடுத்த அடி என்று போனால் பின்கால் எங்கே இருக்கிறது என்று அதற்கே புரியும். பின்னோக்கி நடப்பது முதுகுக்கும் பின்கால் மூட்டுக்கும் வேலை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் கேட்காதீர்கள்.

தண்ணீர் தேங்கிய தடை அமைக்கலாமா?

அமைக்கலாம். ஆழம் 10 முதல் 15 செ.மீ., அடியில் வழுக்காத கெட்டித் தரை, கரை சரிவாக. அகலம் 3 மீட்டருக்குக் குறைந்தால் தாவிவிடும். பிளாஸ்டிக் விரித்து நீர் நிரப்பாதீர்கள், நனைந்த பிளாஸ்டிக்கில் லாடம் நிற்காது.

உண்மையாகவே தாண்டவிட ஆசை. எவ்வளவு உயரம்?

இரண்டு கழிகளைப் பெருக்கல் குறியாக வைத்து நடுவில் 30 முதல் 40 செ.மீ. அதற்கு மேல் போவதானால் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கழியைக் கட்டிவைக்காதீர்கள், தூணில் மாட்டும் கிண்ணம் போன்ற கொக்கியில், தட்டினால் விழும்படி இருக்கட்டும். கழி இல்லாத வெறும் கிண்ணங்களைத் தூணிலிருந்து கழற்றிவிடுங்கள். தடைக்கு முன்னும் பின்னும் 15 மீட்டர் நேர்வழி வேண்டும்.

தரையில் போடும் வழிகாட்டுக் கழி குதிரை வரும் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். குதிரை அந்தத் தரைக்கழியைப் பார்த்துத்தான் எங்கே எழும்புவது என்று முடிவு செய்கிறது. அது பின்பக்கம் கிடந்தால் தப்பான இடத்தில் எழும்பும். அதனால் ஒரு பக்கத்துக்காக அமைத்த தாண்டுதடையை எதிர்ப்பக்கமிருந்து தாண்டவிடாதீர்கள்.

எந்த வயதிலிருந்து?

மடிந்த தார்ப்பாய், ஒற்றைக் கழி, கூம்பு இவற்றை ஒரு வயதுக் குட்டிக்கும் கையில் பிடித்துக் காட்டலாம், சில நிமிடம் மட்டும். ஏறி ஓட்டுவதும் தாண்டுவதும் வேறு. முன்னங்கால் முழங்காலுக்கு மேலுள்ள வளர்தட்டு, அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி, கெட்டியாகி மூடவே இரண்டு முதல் இரண்டரை வயது ஆகும். முதுகெலும்புக்கு ஐந்து வயதுக்கு மேலும் ஆகும். நான்கு வயது வரை தாண்டலை ஒத்திப்போடுங்கள். வயதான குதிரைக்கு வாக்கில் கழி கடப்பது நல்ல உடற்பயிற்சி, மூட்டுவாதம் இருந்தால் மட்டும் கால்நடை மருத்துவரைக் கேட்டுவிட்டு.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

உடம்பைச் சூடாக்கும் பத்து நிமிட நடை போக, தடைகளுக்கு 15 முதல் 20 நிமிடம். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். நன்றாகச் செய்தவுடன் முடித்துவிடுங்கள். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று கேட்கும்போதுதான் பெரும்பாலும் கெடுகிறது. ஓய்வில் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். இந்த அளவு வேலைக்குப் பிறகு பத்து நிமிடம் நின்றும் 60க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்று வெயிலோ வேலையோ அதிகம்.

தடைகளை அப்படியே மைதானத்தில் விட்டுவிட்டால் குதிரை தானாகவே பழகிக்கொள்ளாதா?

வேண்டாம். ஆளில்லாத நேரத்தில் தார்ப்பாயைக் கடிக்கும், கேவலெட்டிக்குள் காலை விடும், இரவில் மிரண்டு ஓடி இடிக்கும். மண் நிரப்பிய மேடை, மண்ணில் பதித்த பாலம் போன்றவை இருக்கலாம். கயிறு, துணி, கழி, தூண் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் எடுத்துவைத்துவிடுங்கள். எடுத்துவைக்கும்போது ஒவ்வொன்றையும் கையால் தடவிச் சிராய், வெடிப்பு, எழும்பிய திருகாணி பாருங்கள்.

இத்தனை மாதம் நன்றாகச் செய்த குதிரை திடீரென்று கழிகளைத் தட்டுகிறது, பாலத்தை மறுக்கிறது. அலுத்துவிட்டதா?

அலுப்பாகவும் இருக்கலாம். அலுத்த குதிரை கவனமில்லாமல் தட்டும், ஆனால் போகும். ஒரே ஒரு தடையை மாற்றினால் மறுபடி காதை நிமிர்த்தும். நன்றாகச் செய்துகொண்டிருந்தது மறுக்க ஆரம்பித்தால் நான் முதலில் வலியைத்தான் சந்தேகிப்பேன். குளம்பு நீண்டிருக்கிறதா, லாடம் தளர்ந்திருக்கிறதா, சேணம் முதுகில் அழுத்துகிறதா, காலில் சூடோ வீக்கமோ தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணையும் பாருங்கள். ஒரு பக்கக் கழியை மட்டும் தட்டுகிற குதிரைக்கு அந்தப் பக்கக் கண் மங்கியிருக்கலாம்.

இரண்டு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, ஆளும் சேணமும் இல்லாமல் வாக்கில் மூன்று கழிகளைக் கடக்கவிட்டுப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுங்கள். எந்தக் கால் தட்டுகிறது, ஒவ்வொரு முறையும் அதே காலா என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் தட்டினால் தடைகளை நிறுத்திவிட்டு, அந்த வீடியோவோடு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.